தொழுத்தில் எடுத்த அம்மைப்பால்

அந்த வருஷம் ஈச்சவிளைக்கு வசூரி அம்மையைக் கொண்டுவந்தவன் ஒரு உப்புவண்டிக்காரன் என்று சொன்னார்கள். காய்ச்சலோடு வண்டியைப் பாறசாலைச் சந்தையில் விட்டுவிட்டு நடந்தவன், நடக்க முடியாமல் அயனிமரத்து மூட்டில் படுத்தான். தண்ணீர் கேட்டான். ஊர் அவனைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் நடந்தது. செத்த பிறகும் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. நாய்தான் முதலில் போனது. கும்ப மாதத்து வெயிலில் அந்த வாடை அமரவிளை ரோடு வரைக்கும் அடித்தது. வாரம் கழிந்தபோது அதே வாடை வீடுகளுக்குள்ளிருந்து வரத் தொடங்கியது.

திருவனந்தபுரத்திலிருந்து, வசூரியைத் தடுக்கக் கையில் குத்துகிற அம்மைப்பால் வந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, ஈரத் துணியில் சுற்றி, மாட்டுவண்டியில் வந்தது. முன்பெல்லாம் ஒரு பிள்ளையின் கையில் அச்சுக்குத்தி, அங்கே எழும் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவார்கள். அப்படிக் கையிலிருந்து கைக்கு எடுக்கக்கூடாது என்று இப்போது உத்தரவு. இது புதுசு, கன்றுக்குட்டியின் வயிற்றில் கொப்புளம் எழுப்பி எடுத்த பால். அச்சுக்குத்துகிற பொன்னப்பன் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேதக்கோயில் முற்றத்துப் புன்னைமர நிழலில் உட்கார்ந்து குத்தினார். பனையேறிகளின் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று அழுதார்கள்.

எட்டாம் நாள் வந்து கைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையிலும் ஒன்றுமில்லை. முள் கீறியது போல ஒரு கோடு, அவ்வளவுதான். வண்டியில் வந்த வெயிலில் பால் செத்துப்போயிருந்தது.

ஒரே ஒரு கையில் மட்டும் எழும்பியிருந்தது. செல்லபாயின் இளையவள் புஷ்பபாய்க்கு. எந்தக் குழாயின் எந்த மூலையில் உயிர் மிஞ்சியிருந்ததோ, அந்தக் குழந்தையின் இடது கையில் முத்துப்போல, நடுவில் குழிந்து, நீர் கோத்த ஒரு கொப்புளம்.

செல்லபாய் விடிலியில், பனையிலிருந்து இறக்கிய அக்கானியைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கருப்பட்டி காய்ச்சவென்று ஓலை வேய்ந்த சின்ன விடிலி. அடுப்பில் பனஞ்சருகு எரிந்தது. பாகு நுரைத்து மேலே வரும்போதெல்லாம் துடுப்பால் அடித்து இறக்கினாள். புருஷன் ரெத்தினதாஸ் காலைப் பனைகளை ஏறி முடித்துவிட்டு, மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகு உடைத்ததுமாகத் தின்றுகொண்டிருந்தான். மூத்தவள் லீலாபாய் சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆறு வயசு. அவள் கையிலும் குத்தியிருந்தது, எழும்பவில்லை.

பொன்னப்பன் பிள்ளை விடிலிக்கு வெளியிலேயே நின்றார். குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல ஒண்ணாந்தரம் கொப்புளமாக்கும். எட்டி செல்லபாயே, இதத் தொடப்பிடாது, கேட்டியா? துணி ஒரையப்பிடாது. நாளை வெளுப்பினே பார்வத்தியத்துக்க வீட்டுக்கு இவளக் கொண்டு வரணும்."

"என்னத்துக்கு ஏமானே?"

"கொண்டு வரச் சொன்னா கொண்டு வரணும்."

பார்வத்தியக்காரர் சிவதாணு பிள்ளை அந்தப் பகுதிக்கு வரி பிரிக்கிற சர்க்கார் உத்தியோகஸ்தர். ரெத்தினதாஸ் ஏறுகிற பனைகளும், குடிசை நிற்கிற மண்ணும் அவருடையவை. குழாய்கள் வந்த அன்று அவர் வீட்டுக்குத்தான் பொன்னப்பன் பிள்ளை முதலில் போயிருந்தார். மாட்டுச் சீழைத் தன் வீட்டுப் பிள்ளைகளின் உடம்பில் ஏற்றுவதா என்று அவர் விரட்டிவிட்டார். இப்போது அடுத்த தெருவில் அவருடைய சொக்காரப் பங்காளி ஒருவர் வாழையிலையில் கிடந்து, தோல் இலையோடு ஒட்டி உரிந்து செத்திருந்தார். சிவதாணு பிள்ளைக்கு உறக்கம் போய்விட்டது.

ரெத்தினதாஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அவியளுக்கு எடுக்கத்தான் கேக்காரு," என்றான், பொன்னப்பன் பிள்ளை போன பிறகு.

"எடுக்கட்டும். பிள்ளைக்கு ஒண்ணும் வராதுல்லா? ஆனா மொதல்ல லீலாக்குக் குத்தணும். அது கழிஞ்சு அவியளுக்கு."

"நீ சொன்னா கேப்பாவளாக்கும்!"

"எனக்க பிள்ளைக்க கையில்லா? கேப்பேன்."

வெளுப்பில் செல்லபாய் புஷ்பபாயை இடுப்பிலும் லீலாபாயைக் கையிலுமாகக் கூட்டிக்கொண்டு போனாள். முற்றத்துப் பக்கம் வரவேண்டாம், பின்புறமாகத் தொழுத்துக்கு வா என்று, அங்கே சாணி வாருகிற அம்மிணி வந்து சொன்னாள். மாடுகளை அவிழ்த்து வெளியே கட்டியிருந்தது. மூத்திரம் ஓடுகிற சாலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டிருந்தது. அதில் உட்காரச் சொன்னார்கள். தொழுத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தம் கேட்டது. சிவதாணு பிள்ளையின் பேரன் கைலாசமும் மற்றப் பேரப்பிள்ளைகளும் மட்டுமல்ல. அதியன்னூரிலிருந்து சொந்தக்காரர்களும் வில்வண்டியில் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருந்தார்கள்.

பொன்னப்பன் பிள்ளை கத்தியை விளக்கில் காட்டினார்.

"ஏமானே, மொதல்ல இவளுக்கு," என்று செல்லபாய் லீலாபாயை முன்னால் தள்ளினாள்.

"ஆகட்டும் ஆகட்டும். கடைசியில."

"இல்ல ஏமானே, மொதல்ல..."

"நாக்க அடக்கு பிள்ள. சத்தம் அந்தப் பக்கம் கேக்கப்பிடாது."

கொப்புளத்தைக் குத்தினார். தெளிந்த நீர் முத்து முத்தாகக் கசிந்தது. கத்தி முனையில் தொட்டுக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனார். திரும்பி வந்து மறுபடியும் தொட்டார். புஷ்பபாய் வீறிட்டு அழுதாள். சுவருக்கு அப்பால் அதியன்னூர்க்காரி ஒருத்தி கேட்டாள்:

"என்ன மைனி, குழந்தை அழுகிற சத்தமாட்டு இருக்கு? கன்னுக்குட்டியிலேருந்துதானே எடுக்கா?"

சிவதாணு பிள்ளையின் மனைவி உமையம்மாளின் குரல் பதில் சொன்னது. "கன்னுக்குட்டிதான். நல்ல செவலைக் கன்னாக்கும். அழுகது வேலைக்காரிக்க பிள்ளை. நீங்க உள்ள எட்டிப் பாக்காண்டாம். கன்னு அரளும்."

செல்லபாய்க்கு அது காதில் விழுந்தது. மடியில் கிடந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு ஒழுகி, வாய் கோணி, மூச்சு முட்ட அழுகிற முகம். அதன் வாயைத் தன் மாரோடு சேர்த்து அமுக்கினாள். அமுக்கின பிறகுதான் தான் செய்ததை நினைத்துக் கையை எடுத்தாள்.

நீர் குறைந்தது. பொன்னப்பன் பிள்ளை பெருவிரலால் கொப்புளத்தின் ஓரத்தை அழுத்திப் பிதுக்கினார். பிறகு கத்தியால் அடியைச் சுரண்டினார். குழந்தைகள் முடிந்து பெரியவர்கள் வந்தார்கள், பெரியவர்கள் முடிந்து சமையற்காரர் வந்தார். கடைசியில் லீலாபாயின் கையைப் பிடித்தபோது கத்தி முனையில் இருந்தது வெறும் ரத்தம். அதைத்தான் கீறித் தேய்த்தார்.

"இது பிடிக்குமா ஏமானே?"

"தெய்வம் நெனச்சா பிடிக்கும்."

அவள் பலகையை விட்டு எழுந்திருக்கும் முன்பே உமையம்மாள் சாணித்தண்ணீரோடு வந்து நின்றாள். தெளித்த தண்ணீர் செல்லபாயின் காலிலும் குழந்தையின் முதுகிலும் பட்டது. கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் இறைக்கிற சத்தம். வீடு முழுக்கக் குளித்துக்கொண்டிருந்தது. அம்மிணி ஒரு வாழையிலைக் கீறில் பழஞ்சோறும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து தூரத்தில் வைத்தாள். லீலாபாய் சோற்றைப் பார்த்தாள். செல்லபாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

லீலாபாயின் கையில் ஒன்றும் எழும்பவில்லை. புஷ்பபாயின் கை வீங்கியது. சுரண்டிய இடம் பழுத்து, குழிந்து, நாற்றமெடுத்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டார்கள். ஈ மொய்த்தது. ராத்திரியெல்லாம் பிள்ளை முனகினாள்.

சிவதாணு பிள்ளையின் வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அம்மிணிதான் வந்து சொன்னாள்.

"கைலாசம் மோனுக்க கையில இத்தாம்பெரிய கொப்புளம்! கொச்சம்மா எல்லாருக்கும் பால்பாயசம் வச்சாவ."

அன்று வடக்கு விளையில் இரண்டு குடிசைகளில் காய்ச்சல் கண்டிருந்தது. செல்லபாய் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"கேட்டியளா? அவியளுக்க கையில இப்பம் எத்தற பால் உண்டு! நம்ம பிள்ளையளுக்கு எல்லாம் போதும். வாருங்க, போய்க் கேப்போம்."

"தருவாவளா பிள்ளே?" என்றான் ரெத்தினதாஸ்.

"நம்ம குடுத்ததில்லா? திருப்பித் தர என்ன?"

இருவரும் போய்க் கமுகு வரிசைக்கு இப்பால் நின்றார்கள். அதற்கு மேல் போகக்கூடாது. சிவதாணு பிள்ளை வாசல் படிப்புரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பேச்சைப் பாதி கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சொன்ன? எனக்க பேரனுக்க கையிலேருந்து எடுத்து ஒனக்க ஆளுகளுக்குக் குத்தணுமா?"

"அங்ஙத்தே, அது எனக்க பிள்ளைக்க கையில இருந்து..."

"எலே ரெத்தினதாஸே! ஒனக்க பெண்டாட்டிக்க வாய நீ அடக்குதியா, நான் அடக்கணுமா?"

"கோவப்படாண்டாம் அங்ஙத்தே," என்றான் ரெத்தினதாஸ். தோளில் கிடந்த துண்டு எப்போதோ இடுப்புக்கு வந்திருந்தது. "மூத்தவளுக்குப் பிடிக்கல்ல. பக்கத்துக் குடிலிலே தீனம் வந்தாச்சு. ஒரு சொட்டு போதும்."

கதவுக்குப் பின்னால் மருமகள் நீலாம்பாள் கைலாசத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மெதுவாகச் சொன்னாள். "அத்தே, அதும் ஒரு பிள்ளைதானே. தொழுத்திலே வச்சு எடுத்துக்கிட்டா என்ன?"

"ஒனக்கு மூளை உண்டா?" என்றாள் உமையம்மாள். "நம்ம உடம்பிலே ஊறினது அவளுக்க உடம்பிலே ஏறப்பிடாது. நாளைக்கு ஒறவு கொண்டாடிக்கிட்டு வருவா. பிள்ளையை உள்ள கொண்டு போ."

கதவு சாத்தப்பட்டது.

அங்கிருந்து செல்லபாய் நேராகப் பொன்னப்பன் பிள்ளையைத் தேடிப் போனாள். அவர் சாயங்காலக் குளி முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நீ பறையது வாஸ்தவம். ஆனா கையிலேருந்து கைக்கு எடுக்கப்பிடாதுன்னு சர்க்கார் உத்தரவு உண்டு. கண்டுபிடிச்சா எனக்க உத்தியோகம் போயிரும்."

"அண்ணு தொழுத்திலே எடுத்தீரே ஏமானே?"

"எப்பம்? நான் எங்க எடுத்தேன்?" துண்டை உதறிக் கொடியில் போட்டார். "புதுக் குழாய் வரும். வந்தா மொதல்ல ஒனக்குத்தான்."

புதுக் குழாய் வரவில்லை. சிவதாணு பிள்ளை வீட்டுக் கைகளில் கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகி உதிர்ந்தன. அம்மிணி பொருக்குகளைத் தினமும் பெருக்கி, சாணியோடு குப்பைக்குழியில் கொட்டினாள்.

லீலாபாய்க்குக் காய்ச்சல் வந்தபோது முதுகு நோகிறது என்றுதான் சொன்னாள். சிரட்டை கழுவக் குனிய முடியவில்லை. அப்புறம் முகத்தில் கண்டது, உள்ளங்கையில், உள்ளங்காலில், நாக்கில் கண்டது. கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. செல்லபாய் அவளை வாழையிலையில் கிடத்தி வேப்பங்கொத்தால் விசிறினாள். லீலாபாய் பதநீர் கேட்டாள், கொடுத்தால் விழுங்க முடியாமல் இரண்டு கடைவாயிலும் வழிந்தது. குடிசைக்குள் ஆள் நுழைய முடியாத வாடை. செல்லபாய் அதற்குள்ளேயே உண்டாள், உறங்கினாள். ரெத்தினதாஸ் வெளியில் நின்று சருகு போட்டு அக்கானி காய்ச்சினான். பனையை நிறுத்தினால் பார்வத்தியத்துக்குப் பங்கு கொடுக்க முடியாது. அவன் காய்ச்சிய கருப்பட்டி எல்லாம் கரிந்திருந்தது.

"அம்மா, எனக்குக் கையில பிடிச்சுதா?" என்று லீலாபாய் ஒருமுறை கேட்டாள். கண் தெரியாமல் தன் கையையே தடவிக்கொண்டிருந்தாள். கையெங்கும் எழும்பியிருந்த கொப்புளங்களில் ஒன்று குத்திய இடத்தில் அவளுக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

"பிடிச்சுது மக்கா," என்றாள் செல்லபாய்.

பொழுது விடியும்போது உயிர் போயிற்று. உபதேசியார் தூரத்திலிருந்தே ஜெபம் சொன்னார். தூக்க ஆள் வரவில்லை. ரெத்தினதாஸ் பாயோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்; பாயிலிருந்து நீர் வடிந்து அவன் முதுகில் ஓடியது. குழியையும் அவன்தான் தோண்டினான்.

மீனம் பாதியில் நோய் தணிந்தது. அப்போது திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய உத்தியோகஸ்தர் அம்மைப்பால் எப்படிப் பிடித்தது என்று பார்க்க வந்தார். சிவதாணு பிள்ளையின் முற்றத்தில் பந்தல் போட்டு, வாழைக்குலை கட்டி, இளநீர் வெட்டி வைத்தார்கள். அதியன்னூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். தெருப்பிள்ளைமார்கள், அம்பலத்தில் பூசை செய்கிற போற்றி எல்லாரும் வந்திருந்தார்கள். குழந்தைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் கையைக் காட்டினார்கள். எல்லாக் கையிலும் வட்டமாக அழகான தழும்பு.

"பேஷ்," என்றார் உத்தியோகஸ்தர். "கன்றுக்குட்டிப் பால் இந்தப் பகுதியில் நன்றாகப் பிடித்திருக்கிறது. குடியானவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?"

பொன்னப்பன் பிள்ளை கைகட்டிச் சொன்னார். "சுத்தம் விருத்தி இல்லாத ஆளுகளாக்கும் ஏமானே. குத்தின இடத்திலே அழுக்கும் சேறும் தேய்ப்பாவ. எத்தற பறைஞ்சாலும் கேக்காது."

அழுக்குக்குச் சாட்சியாகக் காட்டத்தான் செல்லபாயைக் குழந்தையோடு வரச்சொல்லியிருந்தது. கமுகு வரிசைக்கு அப்பால் நின்றாள். புஷ்பபாயின் கையில் தோல் மூடியிருந்தாலும், விரல் நுனி புதைகிற அளவுக்கு ஒரு குழி.

"அதா, பாருங்க," என்று பொன்னப்பன் பிள்ளை சுட்டிக் காட்டினார்.

செல்லபாய் கமுகு வரிசையைத் தாண்டினாள். யாரோ "ஏய்!" என்றார்கள். பந்தல்கால் வரைக்கும் வந்துவிட்டாள். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"அதியன்னூர் கொச்சம்மமாரே, நல்லாப் பாத்துக்கிடுங்க. அண்ணு சுவருக்கு இந்தப் பக்கம் கெடந்த செவலைக் கன்னுக்குட்டி இதாக்கும்."

ஒருவருக்கும் முதலில் விளங்கவில்லை.

"கன்னுமில்ல, மாடுமில்ல. பனையேறி ரெத்தினதாஸுக்க மகளாக்கும். இவளுக்க கையச் சுரண்டித்தான் ஒங்க பிள்ளையளுக்கெல்லாம் வச்சாவ. திருப்பி ஒரு சொட்டு கேட்டேன், எனக்க மூத்தவளுக்கு. தரல்ல. குளிச்சியளே அண்ணு, கிணறு வத்த! இப்பம் குளியுங்க. தேய்ச்சுக் குளியுங்க. போவுதான்னு பாப்போம்."

அவள் பேச்சு பிடிபடாத உத்தியோகஸ்தர் மலையாளத்தில் கேட்டார். "எந்தா ஈ ஸ்த்ரீ பறயுந்நது?"

"பிள்ளை மரிச்ச துக்கத்திலே புத்தி கலங்கிப்போச்சு ஏமானே," என்றார் பொன்னப்பன் பிள்ளை. அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது.

உத்தியோகஸ்தர் குழந்தையின் குழிந்த கையைச் சற்று நேரம் பார்த்தார். அது சுரண்டி எடுத்த குழி என்று அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. இளநீரைக் குடித்து முடித்தார், வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். போற்றி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பந்தலை விட்டு இறங்கினார். அதியன்னூர்க்காரி தன் மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், தேள் கிடப்பதைப் பார்ப்பது போல.

அன்று வெயில் தாழும் முன்பே குடிசையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. ரெத்தினதாஸ் பனைகளில் ஏறிக் கலயங்களை இறக்கினான். காரக்கோணம் பக்கத்தில் செல்லபாயின் அண்ணன் இருந்தான். அவன் விளையின் ஓரத்தில் ஒரு விடிலி கட்டிக்கொண்டார்கள்.

முதல் கோடைமழை பெய்த மறுநாள் அம்மிணி அங்கே வந்தாள். பார்வத்தியத்து வீட்டு வேலையை விட்டுவிட்டாளாம். செல்லபாய் அப்போதுதான் புஷ்பபாய்க்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, காணத்துவையலைத் தொட்டுத் தானும் குடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாகு முறுகிக்கொண்டிருந்தது.

"அந்த வீட்டிலே இப்பம் சொந்தக்காரு ஒருத்தரும் தண்ணி குடிக்க மாட்டாவ," என்றாள் அம்மிணி. "அம்பலத்திலே கேறப்பிடாதுன்னு போற்றி பறைஞ்சாரு. புண்ணியாகம் செய்யணும், பஞ்சகவ்யம் குடிக்கணும். எல்லாம் செய்தாவ. பின்னயும், தங்களுக்க பிள்ளையளையும் தீட்டாக்கிட்டாவன்னு அதியன்னூர்க்காரு சமாதானப்படல்ல. தழும்பு கெடக்கியதுவரைத் தீட்டுதான்னு சொல்லிப்போட்டாவ."

"கெடக்கட்டும்," என்றாள் செல்லபாய்.

"கெடக்க விடல்லியே பிள்ள. கரண்டியப் பழுக்கக் காய்ச்சி வச்சுட்டாவ."

"எங்க வச்சாவ?"

"கைலாசம் மோனுக்க கையில. தழும்புக்க மேல. அந்தக் கெழவரு பிடிச்சாரு, கெழவி கொச்சம்மாதான் வச்சது. காலப் பிடிக்க ஆளில்லாம நீலாம்பாளைப் பிடிக்கச் சொன்னாவ. தாயி பிடிச்சா. மோன் 'அம்மா அம்மா'ன்னு அவளத்தான் விளிச்சான். எனக்க காதில அது இப்பமும்..." அம்மிணி முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்பம் கை முட்டு வர பழுத்து நாறுது."

செல்லபாய் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். அன்று கதவுக்குப் பின்னால் தாயின் இடுப்பில் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்த அந்தப் பையனின் முகம் கண்ணில் தெரிந்தது. புஷ்பபாயைவிட ஒரு வயசு மூப்பு இருக்கலாம். அவனுக்கு என்ன தெரியும்? அவள் பந்தலில் நின்று சொன்ன சொல்லின் ருசி வாயில் திரும்ப வந்தது. பழுத்த கரண்டியின் வாடையும், தொழுத்து மூத்திரச் சாலின் வாடையும், வாழையிலையில் உரிந்த தோலின் வாடையும் எல்லாம் ஒன்றாக வந்தது. எழுந்து விடிலியின் பின்னால் ஓடினாள். பனைமூட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குடித்த கஞ்சி முழுக்க வெளியே வந்தது. அதன் பிறகும் நிற்கவில்லை. வெறும் மஞ்சள் நீர் வந்தது.

பனையிலிருந்து இறங்கிய ரெத்தினதாஸ் கலயத்தோடு ஓடிவந்தான்.

"பிள்ளே, அழாத. அழுதா போனவ வருவாளா?"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"நான் அழல்ல," என்றாள். "ஓங்கரிக்கியதாக்கும். நீங்க போய்ப் பாக இறக்குங்க, கரியுது."